அரிவாட்கல நோயும் குருதிக்குழாய்ச் சுவரும்

குருதியைப் பற்றி எண்ணுவோர் பெரும்பாலும் அதன் ஓட்டத்தையே எண்ணுவர். அவ்வோட்டம் தடையின்றி நிகழ்வதற்கு ஒட்டாமை என்னும் பண்பு எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணுவோர் மிகச் சிலரே. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஏழு அல்லது எட்டுக் கூறளவே செங்குழியம் ஒன்றின் அகலம். அது புகுந்து செல்லவேண்டிய மயிர்க்குழாய்களுட் பல அதனினும் ஒடுங்கியவை. ஆகவே செங்குழியம் தன்னுடலை வளைத்தும் மடித்தும், குழாய்ச் சுவரோடு உராய்ந்துமே உட்புகுந்து வெளிப்படுகின்றது. உடம்பை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடமே செல்லும். அதன் வாழ்நாளோ நூற்றிருபது நாள். அத்தனை நாளும், அத்தனை சுற்றிலும், சுவரைத் தொட்டுத் தொட்டுச் சென்றும் அது ஓரிடத்திலேனும் பற்றிக்கொள்வதில்லை. தாமரையிலைத் தண்ணீர் என்னும் பழைய உவமை இதற்கு முற்றும் பொருந்தும்.

அரிவாட்கலச் சோகை என வழங்கும் பரம்பரை நோயிலே குலைவது இவ்வொட்டாமையே. உயர்வகுப்பு உயிரியல் நூல்கள் பலவும் இந்நோயை இரண்டு வரியில் விளக்கிவிடும்: செங்குழியம் அரிவாள்போல் வளைகின்றது, வளைந்த குழியம் ஒடுங்கிய குழாயிற் சிக்கி அதனை அடைக்கின்றது. இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் அது பாதி விளக்கமே. குழியத்தின் வடிவம் எவ்வளவு காரணமோ அவ்வளவுக்கு அதன் ஒட்டுந் தன்மையும் அடைப்புக்குக் காரணம் என்பதும், பல வேளைகளில் அடைப்பு ஒட்டுதலிலேயே தொடங்குகின்றது என்பதும் 1979 ஆம் ஆண்டு தொட்டு நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளன.

நோயின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் போதும். 1904 ஆம் ஆண்டின் இறுதியிலே, கிரனாடாத் தீவிலிருந்து பல் வைத்தியம் கற்கவந்த இருபது வயது மாணவர் ஒருவர் சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றிற் சேர்க்கப்பட்டார். அவருடைய குருதியைப் பயிற்சி மருத்துவர் ஏணஸ்ட் அயன்ஸ் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, வட்டமாயிருக்க வேண்டிய செங்குழியங்களுட் பல நீண்டு வளைந்து அரிவாள்போற் காணப்பட்டன. அவருக்கு மேற்பட்ட மருத்துவரான யேம்ஸ் ஹெரிக் இதனை 1910 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். 1949 இல் லினஸ் போலிங்கும் அவர்தம் கூட்டாளரும் நோயாளரின் ஈமோகுளோபின் மின்புலத்திலே நகரும் முறை வேறுபடுவதைக் காட்டி, இது மூலக்கூறொன்றின் நோய் எனப் பெயரிட்டனர். சில ஆண்டுகளின் பின்னர்க் கேம்பிரிட்சில் வேர்ணன் இங்கிராம் அவ்வேறுபாடு ஒரேயொரு அமினோவமிலத்தின் மாற்றமே என நிறுவினார். பீற்றாச் சங்கிலியிலுள்ள 146 அமினோவமிலங்களுள் ஆறாவதாக நிற்கவேண்டிய குளுற்றாமிக்கமிலத்தின் இடத்தை வலீன் பிடித்துள்ளது, வேறொன்றும் இல்லை.

இம்மாற்றத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கே கடுநோய் வாய்க்கின்றது. கைகால்களிலும் முதுகிலும் மார்பிலும் திடீரென மூளும் நோவே அதன் தலையாய குறி. கானா நாட்டு மொழிகள் சிலவற்றிலே இந்நோய்க்கு வழங்கும் பெயர்கள் நம் இரட்டைக்கிளவி போன்று ஒலி இரட்டித்து வருவன. விட்டுவிட்டுக் குடையும் நோவை அவ்வொலியே உணர்த்துமாம். மேனாட்டு மருத்துவம் நோய்க்குப் பெயரிடுமுன்னரே அம்மக்கள் அதனை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. நோவு நெருக்கடியோடு நோய் நின்றுவிடுவதுமில்லை. மண்ணீரல் சிறுவயதிலேயே சுருங்கிப் பயனற்றுப்போகும். இடுப்பு மூட்டின் என்புத்தலை குருதியின்றி இறக்கும். பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கும் பாரிசவாதம் வரக்கூடும். இவை யாவும் குருதி செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லாமையால் விளைவன.

இனி, வடிவத்தைக் கொண்டு மாத்திரம் அடைப்பை விளக்குவதிலுள்ள இடர்ப்பாட்டை நோக்குதல் வேண்டும். வலீன் புகுந்த ஈமோகுளோபின் ஒட்சிசனை இழந்ததும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பதினான்கு புரிகளையுடைய நார்களாய் நீள்கின்றது. இந்நார்களே குழியத்தை உள்ளிருந்து தள்ளி வளைக்கின்றன. ஆனால் ஒட்சிசன் நீங்கிய கணத்திலேயே நார் தோன்றுவதில்லை. சிறிதுநேரம் தாழ்த்தே தோன்றுகின்றது என்பதை 1970 களில் வில்லியம் ஈற்றன் முதலியோர் அளந்து காட்டினர். மயிர்க்குழாயைக் கடக்கச் செங்குழியத்துக்கு வேண்டிய நேரமோ ஒரு விநாடியளவே. எனவே நோயாளியின் குழியங்களுட் பெரும்பாலானவை, நார் தோன்றுமுன் மயிர்க்குழாயைக் கடந்து, நாளத்தின் வழியே நுரையீரலை அடைந்து, மறுபடியும் ஒட்சிசனைப் பெற்றுப் பழைய நிலையிலேயே திரும்பிவிடக் கூடியவை. அங்ஙனமாயின் நெருக்கடி ஏன் வருகின்றது? குழியம் வழியிலே தாமதிக்க வேண்டும். அதனைத் தாமதிக்கச் செய்வது யாது என்பதே வினா.

இன்னொரு முரணும் மருத்துவரை வருத்தியது. ஒட்சிசன் ஊட்டியும் நிமிராது நிலையாகவே வளைந்துவிட்ட குழியங்கள் சில நோயாளரின் குருதியில் மிகுதி, சிலரிற் குறைவு. வடிவமே அடைப்புக்கு முழுக் காரணமாயின், அவை மிகுந்தவர்க்கு நோவு நெருக்கடியும் மிகுதல் வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேட் ஹெபெலும் கூட்டாளரும் 1980 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு இம்முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது. குருதிக்குழாயின் உட்புறத்தை ஒரே அடுக்காய்ப் போர்த்தியிருக்கும் மெல்லிய கலப்படைக்கு அகவணி என்று பெயர். அக்கலங்களை ஆய்வுகூடத்திலே தட்டிற் பரப்பி வளர்த்து, அவற்றின்மேல் நோயாளரின் செங்குழியங்களை இட்டுக் கழுவிப் பார்த்தனர். நலமுடையோரின் குழியங்கள் கழுவுண்டு போயின; நோயாளரின் குழியங்களுட் பல ஒட்டிக்கொண்டு நின்றன. எவருடைய குழியம் மிகுதியாக ஒட்டியதோ அவரே நெருக்கடியால் மிகுதியாக வருந்தியவராகவும் இருந்தார். வளைந்த குழியங்களின் எண்ணிக்கை தராத ஒப்புமையை ஒட்டுதல் தந்தது. அதற்கு முந்திய ஆண்டிலும் வேறோர் ஆய்வுகூடம் இவ்வொட்டுதலைக் கண்டு வெளியிட்டிருந்தது. ஆயினும் நோயின் கடுமையோடு அதனைத் தொடர்புபடுத்தியமையே 1980 ஆம் ஆண்டு ஆய்வின் சிறப்பு.

ஒட்டுவது எந்தக் குழியம்? ஒட்டும் இடம் எது? இவ்விரு வினாக்களுக்கும் 1989 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில் கவுல் என்பாரும் அவர்தம் கூட்டாளரும் விடை கண்டனர். எலியின் குடலோடு இணைந்த மென்சவ்வின் நுண்குழாய்களிலே நோயாளரின் குழியங்களைச் செலுத்தி, நிகழ்வதை நேரிற் பார்த்தனர். ஒட்டுதல் நாடிப் பக்கத்திலும் நிகழவில்லை, மிக ஒடுங்கிய மயிர்க்குழாயிலும் நிகழவில்லை. மயிர்க்குழாயைத் தாண்டியதும் வரும் புன்னாளங்களிலேயே நிகழ்ந்தது. அங்கே குருதியின் வேகம் தணிந்திருக்கும். குழியமும் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கும். இதனினும் வியப்பானது மற்றைய விடை. விறைத்து வளைந்த முதிய குழியங்களே ஒட்டும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். ஒட்டியவையோ பெரும்பாலும் இளமையும் நெகிழ்வும் உடைய, வடிவிலே குறையொன்றுங் காணாத குழியங்கள். நெகிழ்ந்த உடல் சுவரிற் பரந்து படியும்; விறைத்த உடலுக்கு அது கூடாது. இளங்குழியங்கள் முதலில் ஒட்டிப் புன்னாளத்தின் வாயை ஒடுக்க, பின்வரும் விறைத்த குழியங்கள் அவ்வொடுக்கத்திலே சிக்கி முற்றாக அடைத்துவிடுகின்றன. ஒழுங்கையிலே ஒரு வண்டி ஓரமாய் நின்றுவிட்டாற் பின்வரும் வண்டிகள் யாவும் தேங்குவது போன்றதே இது. தேங்கிய குழியங்கள் மயிர்க்குழாயிலே காத்து நிற்கின்றன, காத்து நிற்பதால் நார் தோன்றுதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடுகின்றது, அவையும் வளைகின்றன. ஆக, ஒட்டுதல் நேரத்தை நீட்டுகின்றது. நேரம் வளைவைத் தருகின்றது. வளைவு அடைப்பை முற்றுவிக்கின்றது. வடிவமும் ஒட்டுதலும் ஒன்றையொன்று மறுக்கும் காரணங்களல்ல. ஒன்றன்பின் ஒன்றாய் வருவன.

இளங்குழியம் ஏன் ஒட்டுகின்றது என்பதற்கும் விடையுண்டு. என்புமச்சையிலே பிறக்கும் செங்குழியம் அங்கே தங்கியிருப்பதற்காகத் தன் மேற்பரப்பிலே பற்றுப் புரதங்களை வைத்திருக்கும். குருதியோட்டத்துக்கு வருமுன் அவற்றைக் களைந்துவிடும். அரிவாட்கல நோயாளரின் செங்குழியமோ பத்து, இருபது நாளிலேயே அழிந்துபோவது. அவ்விழப்பை ஈடுசெய்ய என்புமச்சை முதிராத குழியங்களை அவசரமாய் வெளியே அனுப்புகின்றது. நலமுடையோர் குருதியில் நூற்றுக்கு ஒன்றளவாயிருக்கும் இளஞ் செங்குழியங்கள் இவர்களிடத்தே நூற்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் ஆகும். களையப்படவேண்டிய பற்றுப் புரதங்களோடே அவை ஓட்டத்திற் கலக்கின்றன. அவற்றுள் வீ.எல்.ஏ.-4 என்பது முதன்மையானது. அகவணிக் கலத்தின் மேலுள்ள வீகாம்-1 என்னும் புரதத்தை அது பற்றுகின்றது. சீ.டி.36 என்பது மற்றொன்று. அது குருதியின் திரவப் பகுதியிலுள்ள திரொம்பொஸ்பொண்டினைப் பாலமாகக் கொண்டு சுவரைப் பற்றும். சுவரின் அடித்தளத்திலுள்ள லமினினைப் பற்றுதற்கும் தனியாக ஒரு புரதமுண்டு. உடல் அச்சத்திலோ கடுந்துன்பத்திலோ சுரக்கும் அதிரீனலின் இப்பிடியை இறுக்குவது ஆய்வுகூடத்திலே காட்டப்பட்டுள்ளது. மனவழுத்தத்தின் பின் நெருக்கடி வந்தது என்று நோயாளர் கூறுவதை வெறுங் கற்பனையெனத் தள்ளியோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

முதிர்ந்த குழியமும் முற்றும் குற்றமற்றதன்று. வளைந்தும் நிமிர்ந்தும் மீண்டும் வளைந்தும் அதன் மென்சவ்வு நொய்ந்துபோக, உட்புறமாயிருக்கவேண்டிய கொழுப்புப் பொருள்கள் வெளிப்புறம் திரும்பிவிடுகின்றன. அவையும் ஒட்டுதலுக்கு இடமாகும்.

சுவரும் வாளா இருப்பதில்லை. குருதிக்குழாயை இரும்புக் குழாய்போற் கருதும் வழக்கம் இவ்விடத்தே பெரிதும் வழி தவறச்செய்யும். அகவணி உயிருள்ளது, தொடர்ந்து நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயுவைச் சுரந்து குழாயை விரிவாகவும் ஒட்டுதலற்றதாகவும் வைத்திருப்பது. அரிவாட்கல நோயிலே குழியங்கள் ஓட்டத்தினுள்ளேயே சிதைந்து ஈமோகுளோபினைச் சிந்துகின்றன. சிந்திய ஈமோகுளோபின் அவ்வாயுவை விழுங்கிவிடுகின்றது. காவல் நீங்கிய சுவர் வீகாம்-1 போன்ற பற்றிடங்களை மிகுதியாக வெளிக்காட்டத் தொடங்கும். காய்ச்சலும் தொற்றும் அழற்சியும் இதே மாற்றத்தை விரைவுபடுத்துவன. அகவணிக் கலத்தினுள்ளே சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பி-செலெக்ரின் என்னும் புரதம், அழற்சி தூண்டியதும் சில நிமிடங்களுக்குள் மேற்பரப்புக்கு வந்துவிடும். தடிமனும் காய்ச்சலும் கண்ட பிள்ளைக்கு அடுத்த நாளே என்பு நோவு மூள்வதன் காரணம் இதனாற் புலப்படும்: அன்று மாறியது குழியத்தின் ஈமோகுளோபினன்று, சுவரின் இயல்பு.

வெண்குழியங்களின் பங்கு பிந்தியே உணரப்பட்டது. அழற்சியுற்ற சுவரிலே ஒட்டுவது வெண்குழியத்தின் இயற்கைத் தொழில். தொற்றை எதிர்க்க அது அவ்வழியே இழையங்களுட் புகவேண்டும். மனித அரிவாட்கல ஈமோகுளோபினை உடையவாகச் செய்யப்பட்ட எலிகளின் புன்னாளங்களை உயிரோடு நோக்கிய பிரெனெற் குழுவினர், அங்கே முதலில் ஒட்டுவன வெண்குழியங்களே என்றும், ஓடிவரும் செங்குழியங்கள் அவற்றின்மீது ஒட்டுகின்றன என்றும் 2002 ஆம் ஆண்டிலே காட்டினர். வெண்குழியத் தொகை மிகுந்த நோயாளர் இளமையிலேயே இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பது 1994 ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டிருந்தது. அதற்குரிய காரணம் இங்கே கிட்டியது. குருதிச் சிறுதட்டுக்களும் இக்கூட்டத்திற் சேர்வனவே.

இவ்விடத்தே மலேரியாவைப் பற்றிக் கூறாதுவிடல் இயலாது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மாத்திரம் இம்மாற்றத்தைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். அவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து காப்பும் உண்டு என்பதை 1954 ஆம் ஆண்டிலே அலிசன் கிழக்காபிரிக்காவிற் காட்டினார். மலேரியா நெடுங்காலம் நிலவிய ஆபிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகிய நிலங்களிலே இப்பரம்பரையலகு தங்கியிருப்பது இக்காரணத்தாலே. நீலகிரி மலைவாழ் மக்களிடத்தே அது உண்டென்பதை லேமன், கற்புஷ் என்னும் இருவர் 1952 ஆம் ஆண்டிலே கண்டறிந்தனர். அரிவாட்கல நோயை ஒழிக்கும் தேசியத் திட்டமொன்றை இந்திய அரசு 2023 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே தொடக்கியது. இனி, மலேரியாக் கிருமியும் ஒட்டுதலையே கருவியாகக் கொள்வது என்பது குறிக்கத்தக்கது. அது தான் குடிபுகுந்த செங்குழியத்தின் மேற்பரப்பிலே சிறு குமிழ்களை எழுப்பி, அவற்றிற் பற்றுப் புரதத்தை நாட்டி, குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அவ்வாறு ஒட்டியிருந்து, தன்னை அழிக்கக்கூடிய மண்ணீரலுக்குச் செல்லாது தப்பும். மூளையின் குழாய்களில் அது ஒட்டுவதே மூளை மலேரியா. பாதி ஈமோகுளோபின் அரிவாள் வகையாயுள்ள குழியத்திலே அக்கிருமியாற் குமிழ்களைச் செவ்வனே அமைக்க முடிவதில்லை, ஒட்டும் வலியும் குறைகின்றது என்று 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. இரு பங்கு பெற்றவரைச் சுவரில் ஒட்டிக் கொல்லும் அதே மாற்றம், ஒரு பங்கு பெற்றவரிடத்தே ஒட்டுதலைத் தளர்த்திக் காக்கின்றது.

ஒட்டுதலைத் தடுத்தால் நெருக்கடியைத் தடுக்கலாமன்றோ? இவ்வழியிற் சென்ற மருந்தாய்வு வெற்றியும் தோல்வியும் கலந்தது. பி-செலெக்ரினை மூடும் பிறபொருளெதிரியான கிறிசான்லிசுமாப் என்னும் மருந்தை ஏற்றோர்க்கு ஆண்டுக்கு 1.63 நெருக்கடியும், வெற்று மருந்து ஏற்றோர்க்கு 2.98 நெருக்கடியும் இடைநிலையாக வந்தன என 2017 ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. 2019 இல் ஐக்கிய அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. பின்னர் நடந்த ஆய்வொன்றிலே வெற்று மருந்தினும் அது மேலானதாகக் காணப்படவில்லை. 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் தான் அளித்த அனுமதியை மீளப் பெற்றுக்கொண்டது. செலெக்ரின்கள் பலவற்றை ஒருங்கே தடுக்க எண்ணிய மற்றொரு மருந்தும் 2019 இலேயே இறுதிக்கட்ட ஆய்விற் பயன்தராது போயிற்று. இதனைக் கொண்டு ஒட்டுதற் கொள்கையே பொய்யென்பது பொருந்தாது. கொக்கிகள் பல, ஒன்றை மூடினால் மற்றொன்று பற்றும்.

ஒட்டுதலை எண்ணாது கொணரப்பட்ட பழைய மருந்தொன்று இவ்வகையில் மேம்பட்டு நிற்பது விந்தையே. ஐதரொட்சியூரியா என்னும் மலிவான மருந்து, கருவிலுள்ள பிள்ளைக்குரிய ஈமோகுளோபினை மீண்டும் தோற்றுவித்து நார் உருவாவதைத் தடுக்கும் என்ற நோக்கத்தோடு கொடுக்கப்பட்டது. 1995 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்விலே, வளர்ந்தோர் 299 பேரிடையே, வெற்று மருந்து பெற்றோர்க்கு ஆண்டுக்கு 4.5 ஆயிருந்த நெருக்கடி இம்மருந்து பெற்றோர்க்கு 2.5 ஆயிற்று. ஆனால் அந்த ஈமோகுளோபின் போதிய அளவு பெருகுமுன்னரே சிலர் நலமடைந்தனர். காரணம் தேடியபோது, இம்மருந்து வெண்குழியங்களையும் இளஞ் செங்குழியங்களையும் குறைக்கின்றது என்பதும், செங்குழியத்தின் ஒட்டுதல் முதற் சில வாரங்களிலேயே தணிகின்றது என்பதும் தெரியவந்தன. ஒரு கொக்கியை மூடாது, கொக்கியுடைய குழியங்களின் தொகையையே அது குறைத்துவிடுகின்றது.

2023 ஆம் ஆண்டின் இறுதியிலே பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சைகள் இரண்டுக்கு ஐக்கிய அமெரிக்கா அனுமதி அளித்தது. அவற்றின் விலை ஒருவர்க்கு இருபது இலட்சம் டொலரைக் கடந்தது. இந்நோயோடு பிறக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலாரோ சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளிற் பிறப்பவர். அங்கே ஐதரொட்சியூரியாவைக் கொடுப்பதற்கு மருத்துவர் நெடுங்காலம் தயங்கினர். வெண்குழியங்களைக் குறைக்கும் மருந்து மலேரியாவுக்கும் பிற தொற்றுக்களுக்கும் வழிதிறந்துவிடுமோ என்பதே அச்சம். அங்கோலா, கொங்கோ சனநாயகக் குடியரசு, கென்யா, உகண்டா ஆகிய நான்கு நாடுகளில் அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து நடத்திய ஆய்வின் பேறுகள் 2019 ஆம் ஆண்டிலே வெளிவந்தன. நூறு பிள்ளைகளுக்கு ஓராண்டில் என்னும் கணக்கிலே, மருந்து தொடங்குமுன் 98.3 ஆயிருந்த நோவு நெருக்கடி பின்னர் 44.6 ஆயிற்று. அஞ்சப்பட்ட மலேரியாவோ பெருகவில்லை; 46.9 இலிருந்து 22.9 ஆகக் குறைந்தது.